மனநலப் பிரிவுக்கு ஒரு கதவு வேண்டும்

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மனநலப் புறநோயாளிகள் பிரிவு எப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை மாத்திரை வாங்கும் வரிசைக்கும் மருத்துவரின் மேசைக்கும் நடுவில் தொங்குவது ஒரு பச்சைத் துணி. அந்தத் துணியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என்னோடு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கம்பம் நட்டவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அண்ணி இறந்தார். அதன் பிறகு அண்ணனுக்கு வாயுத் தொல்லை என்றார்கள். நெஞ்சுப் படபடப்பு என்றார்கள். ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. எங்கள் வயது ஆண்களுக்குத் துக்கம் வந்தால் அது முதலில் வயிற்றுக்குத்தான் போகும். அதைச் சொல்ல எங்களுக்கு வேறு வார்த்தை யாரும் கற்றுத்தரவில்லை.

ஒருநாள் டீக்கடை பெஞ்சில், டம்ளரைப் பார்த்துக்கொண்டே, “விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறேன் தம்பி. எதற்கு எழுந்தேன் என்றே தெரியவில்லை” என்றார். முப்பது வருடப் பழக்கத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது. அங்கிருந்து 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைக்க வைப்பதற்கு எனக்கு இன்னும் மூன்று மாதங்கள் ஆயின. தொலைபேசியில் பேசிய பெண் கனிவாகப் பேசினார். நேரில் போய் மருத்துவரைப் பாருங்கள் என்றார். அப்படித்தான் சென்ற செவ்வாய்க்கிழமை உங்களிடம் வந்தோம்.

சீட்டு வாங்கி நின்றோம். உங்கள் ஊழியர் வெளியே வந்து, “மனநலத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கையைத் தூக்குங்கள்” என்று கூடமே கேட்கும்படி சொன்னார். ஒருவரும் தூக்கவில்லை. பிறகு சீட்டைப் பார்த்து அண்ணனின் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, இரண்டு முறை கூப்பிட்டார். சர்க்கரை வரிசையில் அண்ணனின் சம்பந்தி நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தார்.

“பல்வலி, அதற்குத்தான் வந்தேன்” என்றார் அண்ணன்.

சம்பந்தி நல்ல மனிதர். அவரே கையைப் பிடித்துப் பல் பிரிவுக்கு அழைத்துப்போய் வரிசையில் நிறுத்திவிட்டு வந்தார். அண்ணனுக்கு மேல்வரிசை முழுவதும் கட்டிய பல். முக்கால் மணி நேரம் அங்கே நின்று, வலிக்காத பல்லுக்கு வலி மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனநலப் பிரிவுச் சீட்டை நான்காக மடித்து என் சட்டைப் பையில் திணித்துவிட்டார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அந்தப் பிரிவுக்கு ஒரு கதவு வேண்டும் ஐயா. நோயாளியைப் பெயர் சொல்லிக் கூவாமல் டோக்கன் எண்ணால் அழைக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிகிச்சை விவரங்களில் ரகசியம் காப்பது நோயாளியின் உரிமை என்கிறது. நாடாளுமன்றம் தந்த உரிமையை உங்கள் கூடத்தில் ஒரு துணி காத்துக்கொண்டிருக்கிறது.

2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ‘மனம் விட்டுப் பேசுங்கள்’ என்று உங்கள் சுவரிலேயே பெரிய எழுத்தில் சுவரொட்டி ஒட்டியிருக்கிறீர்கள். எங்கே பேசுவது? யார் யார் காதில் விழ? மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பெண்கள் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், நல்லது. ஓய்வூதியத்துக்காக நாங்கள் உயிரோடிருக்கிறோமா என்று அரசு ஆண்டுதோறும் சான்று கேட்டு வாங்குகிறது. உயிரோடு இருக்க விருப்பமா என்று கேட்க இதுவரை ஒரு படிவமும் அச்சாகவில்லை போலும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்கள் மருத்துவர்கள் மீது எனக்குக் குறையே இல்லை. ஒரே ஆள் அத்தனை பேரைப் பார்ப்பதை அன்று பார்த்தேன். கூவிய ஊழியரையும் தண்டிக்க வேண்டாம். கூவாமல் கூட்டத்தைச் சமாளிக்க அவருக்கு நீங்கள் வழி செய்யவில்லை.

நிதி இல்லை என்றால் தயங்காமல் சொல்லுங்கள். எங்கள் ஓய்வூதியர்களில் தச்சுவேலை தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். ஒரு பிளைவுட் கதவு, மூன்று கீல், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். செலவு எங்களுடையது. சுவரில் திருகு போட உங்கள் அனுமதி மட்டும் போதும்.

அண்ணனிடம் நேற்றும் பேசினேன். “கதவு போட்டதும் சொல், வருகிறேன்” என்றார். என்றைக்குப் போடுவீர்கள் என்று ஒரு வரி எழுதினால், அவரிடம் தேதி சொல்லிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவன்