லயத்துக்குக் கேபிள் வேண்டாம், அலை போதும்

தொலைத்தொடர்புத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டு, லயம் என்கிற வரிசை வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். நெட் கேட்டு மனுக் கொடுத்தால், 'மலைப்பகுதி, கேபிள் இழுப்பது சிரமம்' என்று பதில் வருகிறது. சரி, கேபிளே வேண்டாம்.

கேரள அரசின் இணையத் திட்டமான கேஃபோன் 2023 ஜூனில் தொடங்கியபோது 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்றார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அந்தக் கேபிள் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வருவது. ஆடி மழையில் மரம் விழுந்து கம்பம் சாய்ந்தால் கரன்ட்டோடு நெட்டும் போய்விடும். மெயின் ரோடு வரை கேபிள் வரட்டும். அங்கே ஒரு மேட்டில் ஆண்டெனா வைத்து, லயத்துக்கு ரேடியோ அலைவழியாக நெட்டை அனுப்புங்கள்.

மலை தடை என்கிறீர்கள். மலைமேல் இருந்ததால்தானே கொடைக்கானல் தூர்தர்ஷன் டிரான்ஸ்மிட்டர் தேனி, மதுரை வரை படம் காட்டியது?

இப்போது எங்களுக்கு நெட் என்றால், ஜன்னல் கம்பியில் பிளாஸ்டிக் கவருக்குள் தொங்கும் போன்தான். அந்த ஒரு இடத்தில்தான் டவர் கிடைக்கும். ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கீழே உட்கார்ந்து படிக்கிறார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் பாடம் நின்றுவிடும்.

டிவிக்கு டிஷ் இருக்கிறதே என்பீர்கள். அடைமழையில் திரையில் 'சிக்னல் இல்லை' என்பதுதான் தெரியும். டிஷ்ஷுக்கு வரும் அலை 10 ஜிகாஹெர்ட்ஸுக்கு மேல். கனமழை அதை விழுங்கிவிடும். லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2018இல் கூடுதலாகத் திறந்துவிட்ட 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு மழை பெரிய தொல்லை இல்லை. அதில் நெட் வந்தால் டிவியும் அதிலேயே வந்துவிடும்.

ஆனால் அந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைக்கு இலை ஆகாது, மரம் மறைத்தால் தடைபடும். ஏலத்துக்கோ நிழல்மரம் இல்லாமல் ஆகாது! மரத்தடி லயங்களுக்கு 470 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பழைய டிவி அலைவரிசை வேண்டும். இலைகளைத் தாண்டி அதுதான் வரும். தூர்தர்ஷன் தரைவழி அனலாக் ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. மகாராஷ்டிரத்தில் பால்கர் பக்கத்துக் கிராமங்களில் ஐஐடி பம்பாய் இந்த அலைவரிசையில் இணையம் கொடுத்துச் சோதித்திருக்கிறது. ஏலமலையிலும் ஒரு சோதனைக்கு அனுமதி கொடுங்கள்.

அப்புறம், விண்ணப்பத்தில் வீட்டுப் பத்திரம் கேட்காதீர்கள். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். எங்கள் பெயரில் எந்தக் காகிதமும் இருக்காது. தோட்டத்தில் வேலை செய்வதற்கான சான்று போதும் என்று எழுத்தில் சொல்லுங்கள்.

நேரில் பார்க்க வருவதானால் ஜனவரியில் வேண்டாம், மழைக்காலத்தில் வாருங்கள். ஜீப் நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி ஒருவர்