என் நடைக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சேதப்படுத்தும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய் என்று தெரிந்ததும் எனக்கு அதிகம் கிடைத்த அறிவுரை, "உடம்பை அலட்டிக்காதே, படுத்து ரெஸ்ட் எடு" என்பதுதான். பாசத்தில் சொன்னது. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். ஆனால் 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு வெளிவந்தது. அதில் 15 வாரம் ஏரோபிக் பயிற்சி செய்த எம்.எஸ். நோயாளிகளின் உடல்திறன் நன்றாகவே கூடியிருந்தது. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, என் பயத்தைப் போக்கிய நரம்பியல் டாக்டருக்கு முதல் நன்றி.

பிசியோ அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, இறுகிப்போகும் கெண்டைக்காலைச் சுவரோரம் நின்று நீட்டுவது என்று வீட்டில் இருப்பதை வைத்தே எல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். 25 அடி தூரத்தை நடக்கவிட்டு நேரம் குறிப்பீர்கள். ஆனால் களைப்பு வருவதற்கு முன்பே உட்காரச் சொல்வீர்களே, அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. முழுக்கக் களைத்துவிட்டால் அன்றைக்குச் சமையலறைவரை போவதே கஷ்டம்.

அப்புறம் வெயில். எங்கள் மதுரையில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மயலின் என்ற மேலுறை சேதமான நரம்பில், உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே செய்தி தடுமாறும். கண் மங்கும், கால் துவளும். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். உத்தாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். அதற்காகவே விடியுமுன் எழுந்து என்னோடு மாடியில் நடந்த பக்கத்து வீட்டுச் சித்திக்கும், கழுத்தில் போட ஈரத்துண்டோடு நின்ற என் கணவருக்கும் நன்றி.

பாதம் தொங்கி விரல் தரையில் இடறியபோது, பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டார்கள். அதை மாட்டினால் எந்தச் செருப்பும் சேரவில்லை. தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் என் ஷூவைப் பிரித்து அகலமாக்கி, வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அண்ணே, அந்த ஷூவில்தான் இப்போது காய்கறிக் கடைக்கு நானே போய்வருகிறேன்.

அக்கா, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையில் அடுத்த வாரம் இன்னும் கனமானதற்கு மாறலாம் என்றீர்களே. நான் தயார்.

அன்புடன்,
மதுரையிலிருந்து உங்கள் தங்கை