இதயநோய்ப் பிரிவில் என்னைக் கவனித்துக்கொண்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அம்மா அவர்களுக்கும், செவிலியர்களுக்கும், எக்கோ (இதய ஸ்கேன்) அறையில் இருந்தவர்களுக்கும், மருந்தாளுநருக்கும் வணக்கம்.

எட்டு மாதங்களுக்கு முன் நான் உங்களிடம் வந்தபோது, என் இதயம் நிமிடத்துக்கு 140 தடவைக்கு மேல் ஒழுங்கில்லாமல் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டு தலையணைகளை அடுக்கிவைக்காமல் என்னால் படுக்க முடியவில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றீர்கள். சாதாரணமாக 50 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டிய இதயத்தின் பம்பிங் 32 என்று எக்கோவில் தெரிந்தது. இரத்தக் குழாய்களில் அடைப்பு இல்லை என்று உறுதியான பிறகு, வாரக்கணக்கில் ஓயாமல் ஓடிய துடிப்பே இதயத் தசையைக் களைப்படையச் செய்திருக்கலாம், அப்படியானால் துடிப்பு சீரானதும் பலம் திரும்பக்கூடும் என்று மருத்துவர் அம்மா சொன்னது எனக்கு முதல் ஆறுதல்.

எனக்குத் தெரிந்த ஒருவர் துடிப்பைச் சீராக்கும் ஃபிளெக்கனைடு மாத்திரையில் நலமாக இருக்கிறார் என்பதால் அதையே எனக்கும் தரும்படி நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த மருந்து இதயத் தசை சுருங்கும் வலிமையையும் குறைக்கும் என்பதையும், மாரடைப்பு வந்தவர்களின் மிகைத்துடிப்புகளை அதைக்கொண்டு அடக்கிப் பார்த்த ஆய்வில் மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியது 1989-இல் தெரியவந்ததையும், பலவீனமான இதயத்துக்கு அதைத் தரலாகாது என்பதையும் பொறுமையாக விளக்கி மறுத்தீர்கள். கேட்டதைக் கொடுத்து அனுப்பியிருந்தால் உங்களுக்கு வேலை குறைந்திருக்கும்.

அதற்குப் பதிலாக அமியோடரோன் தொடங்கினீர்கள். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின் என்றும், நிறுத்தினாலும் உடலில் மாதக்கணக்கில் தங்கும் என்றும், தைராய்டு, ஈரல், நுரையீரல் ஆகியவற்றைக் கவனித்துவர வேண்டும் என்றும் முன்னரே சொல்லிவிட்டீர்கள். இரத்தம் உறையாமலிருக்க நான் எடுத்துவந்த வார்ஃபரினின் வீரியத்தை அது கூட்டும் என்று கண்டு, வார்ஃபரின் அளவைக் குறைக்க வேண்டும் என மருத்துவரை உடனே அழைத்தவர் மருந்தாளுநர். அப்படியிருந்தும் ஒரு வார இரத்தப் பரிசோதனையை நான் தவறவிட்டு, இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் 4.1 வரை போனது முழுக்க என் தவறு. செவிலியர் திட்டியது நியாயமே.

மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிய மறுநாள், ஈ.சி.ஜி. ஒழுங்காகிவிட்டதே, இனி வார்ஃபரின் எதற்கு என்று கேட்டேன். எக்கோ எடுத்த தம்பி திரையில் என் இடது மேலறையைக் காட்டினார். மின்னோட்டம் ஒழுங்குக்கு வந்திருந்தும் அந்த அறை இன்னும் மந்தமாகவே அசைந்தது. அது முழுதாகச் சுருங்கப் பழக வாரங்கள் ஆகும், அந்த இடைவெளியில்தான் இரத்தம் உறையும் அபாயம் அதிகம் என்று அவர் சொன்ன பிறகு நான் வாய் திறக்கவில்லை.

மூன்றாம் மாதம் பம்பிங் 45, ஆறாம் மாதம் 54. மாத்திரைதான் பலம் கொடுத்தது என்று நான் மகிழ்ந்தபோது மருத்துவர் அம்மா திருத்தினார்: அமியோடரோன் தசையை வலுப்படுத்தவில்லை, துடிப்பை அடக்கி இதயத்துக்கு ஓய்வு கொடுத்தது, தேறுவதற்குக் கூட வந்த மற்ற மாத்திரைகளுக்கும் பங்குண்டு, துடிப்பு மறுபடி தடம் புரண்டால் இந்த எண்ணும் இறங்கக்கூடும். அதனால் அடுத்த தைராய்டு பரிசோதனைக்கு இந்த முறை நாள் தவறாமல் வந்துவிடுகிறேன்.

மிக்க நன்றியுடன்,
இப்போது ஒரே தலையணையில் படுத்துறங்கும் உங்கள் நோயாளி