சோதனை ஈஸ்டருக்குப் பிறகுதான் மலையேறுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தவக்காலம் பிறந்தால் உபவாசம், ஒறுத்தல், இச்சையடக்கம் என்று பத்திரிகைகளில் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. நல்லதுதான். ஆனால் நீலகிரியில் இருப்பவர்களுக்கு அவற்றில் ஒரு கணக்கு விடுபட்டுப்போகிறது. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள்; ஞாயிறுகள் ஆறையும் கழித்தால் 40. ஈஸ்டர் எந்த வருஷமானாலும் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே வந்துவிடும். அதோடு லெந்து என்னும் தவக்காலம் முடிகிறது, இங்கே சுற்றுலா சீசன் சூடுபிடிக்கிறது. கறியை ஒதுக்கி, சினிமாவை ஒதுக்கி ஒழுங்காக இருந்தவர் கையில், டாக்சி ஓட்டுபவரோ அறை வாடகைக்கு விடுபவரோ, ஏப்ரல் மே இரண்டு மாதத்தில் மொத்தமாகப் பணம் புழங்குகிறது. மத்தேயு 4ஆம் அதிகாரத்தில் சோதனைக்காரனான பிசாசு இயேசுவிடம் பேச வருவதும் அவருக்கு 40 நாள் உபவாசம் முடிந்து பசியுண்டான பிறகுதான். வனாந்தரத்தில் அவரிடம் தோற்றவன் 'சிலகாலம்' மட்டுமே விலகிப்போனான் என்று லூக்கா (4:13) எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சிலகாலம் இந்த மலையில் எப்போது முடிகிறது என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

பிரசங்கங்களில் சோதனை என்றால் ஆசை என்றே பேசுகிறோம். பாதி உண்மை. முதல் சோதனை கல்லை அப்பமாக்கச் சொன்னது. பசித்தவனுக்கு அப்பம் ஆடம்பரமல்ல, தேவை. சீசன் நேரத்தில் நம்மவர்களைத் தள்ளுவதும் பெரும்பாலும் பேராசையல்ல, பயம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும், அறைகள் காலியாகும், ஸ்கூல் பீஸ் நிற்கும். 'இப்போது வாங்காவிட்டால் எப்போது' என்கிற அந்தப் பயம்தான், ராத்திரி பத்து மணிக்கு மழையில் குழந்தைகளோடு வந்து நிற்கும் குடும்பத்திடம் மூன்று மடங்கு வாடகை கேட்க வைக்கிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு விதமான நிறைகல் வைத்திருக்கக் கூடாது என்று உபாகமம் 25:13 சொல்வது, ஆளைப் பார்த்து மாறும் வாடகைக்கும் பொருந்தும்.

இதற்கு ஜெபம் மட்டும் போதாது, ஏற்பாடும் வேண்டும். சீசன் வாடகையை மார்ச்சிலேயே, லெந்து நாட்களிலேயே முடிவுசெய்து எழுதி வாசலில் ஒட்டிவிட வேண்டும். ஆள் எதிரே நிற்கும்போது முடிவெடுத்தால் தோற்போம். யாக்கோபு 1:14-15 சொல்லும் வரிசையைப் பாருங்கள்: இச்சை இழுக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, பிறகு பாவத்தைப் பிறப்பிக்கிறது. இழுக்கும் இடத்திலேயே வெட்ட வேண்டும்.

டாக்சி ஸ்டாண்டில் இருப்பவர்களுக்குச் சிக்கல் வேறு. கையில் ரொக்கம், அடுத்த சவாரி வரும்வரை சும்மா இருக்கும் நேரம், செல்போன். ஐபிஎல் நடப்பதும் இதே மாதங்களில். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்தது. வாய்ப்பேச்சில் கட்டும் பந்தயத்தை எந்தச் சட்டம் தடுக்கும்? செய்ய வேண்டியது எளிது. அன்றன்றைய வசூலை இருட்டுவதற்குள் வீட்டில் கொடுத்துவிட்டு, டீசல் காசை மட்டும் வைத்துக்கொள்வது. சேமிப்புக்கு ஏடிஎம் கார்டு வாங்காத, போனில் இணைக்காத தனிக் கணக்கு. தடுமாறினால் அதே நாளில் ஒரே ஒருவரிடம் சொல்லிவிடுவது. பத்துப் பேரிடம் சொன்னால் அது சபையில் சொல்லும் சாட்சியாகிவிடும், திருந்துதலாகாது.

எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீரோடு பொருத்தனை செய்தவர்கள் மே மாதத்திலேயே விழுவது ஏன்? தீர்மானத்தை மாற்றினார்கள், வழியை மாற்றவில்லை. எஜமானின் மனைவி பிடித்திழுத்தபோது யோசேப்பு வாதாடிக்கொண்டிருக்கவில்லை, வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான். தப்பிக்கொள்ளும் போக்கைத் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 உறுதி சொல்கிறது. அதன் வழியாக நடப்பது நம் கால்தான். மதுவுக்கும் இதேதான். காட்டில் வீசாமல் காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது. காடு தப்பியது, வீடு தப்பவில்லை.

இவற்றைவிட ஆபத்தானது விசுவாசம் போல வேஷம் போட்டு வருவது. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி ஒழிந்தது. ஆனால் கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குக் கேரளம் கூப்பிடு தூரம். அங்கே 1967 முதல் அரசே சீட்டு விற்கிறது. 'கர்த்தருக்குச் சித்தமானால் விழட்டும்' என்று ஜெபித்துவிட்டு வாங்குகிறார்கள். ஒரு சீசனை நம்பி, 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று தவணையில் இரண்டாவது வண்டி எடுப்பவர்களும் உண்டு. தேவாலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்கு இது அண்ணன் தம்பி முறை. அங்கே பிசாசு 91ஆம் சங்கீதத்தையே மேற்கோள் காட்டினான், 'உன் வழிகளிலெல்லாம்' என்ற சொற்களை மட்டும் விட்டுவிட்டான். நம் வழியில் காப்பதாக வாக்கு இருக்கிறது. நாமே குதித்துவிட்டுத் தாங்கச் சொன்னால் அது தேவனைப் பரீட்சை பார்ப்பது. இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. நூறு வசனம் மனப்பாடம் வேண்டியதில்லை. அவரவர் எங்கே இடறுகிறாரோ அதற்கு நேரான ஒரே வசனம், தூக்கத்தில் எழுப்பினாலும் வாயில் வரவேண்டும்.

அப்படியானால் மழைக்காலத்துக்குச் சேர்த்துவைப்பது அவிசுவாசமா? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் உணவாகத் தந்த மன்னாவைப் பாருங்கள். தலைக்கு ஒரு ஓமர், ஏறத்தாழ இரண்டு லிட்டர். மறுநாளைக்கு மிச்சம் வைத்தது புழுத்தது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கச் சொன்னவரும் அவரே, அது நாறவில்லை (யாத்திராகமம் 16). மலைக்காரருக்குச் சீசன்தான் ஆறாம் நாள். காணிக்கையை முதலில் எடுத்துவைத்து, ஜூன் பீஸையும் மூன்று மாத அரிசி, காஸ் செலவையும் ஒதுக்கிவிட்டால் பயத்தின் பல் பிடுங்கப்படுகிறது. அதற்கு மேல் குவிக்கத் துடிப்பதுதான் புழுக்கும்.

சீசனில் முதலில் கைநழுவுவது ஞாயிறு ஆராதனை. சவாரி நேரமும் அறை காலி செய்யும் நேரமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. நம் ஆராதனையும் அப்போதுதான். ஆயர்களும் பங்குத்தந்தையரும் ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் காலை ஆறு மணிக்கு ஓர் ஆராதனை கூடுதலாக வைக்க வேண்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பிரசங்கம் பத்து நிமிடம், அறிவிப்புகள் அறவே வேண்டாம். ஓட்டுநர்களும் லாட்ஜ் ஊழியர்களும் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு யூனிபார்மோடு வந்து போகட்டும்.

இப்படிக்கு,
சபை ஊழியத்தில் உள்ளோர்,
குன்னூர்.