பார் வீதியில் எந்தப் பார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லும் எதிரே ஒரேயொரு தமிழ்ப் பொருளும் போடுகிறீர்கள், பிள்ளைகளும் அதை அப்படியே பாடமாக்குகிறார்கள். அது போதாது.

மட்டக்களப்பில் பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போகும் பார் வீதியையே எடுங்கள். பார் என்றதும் பிள்ளைகளுக்குச் சாராயக்கடைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஆற்றுவாயை அடைத்துக்கொண்டு கடலலை குவிக்கும் மணல்திட்டுக்கும் ஆங்கிலத்தில் பார்தான். மாரியில் வாவித் தண்ணீர் ஊருக்குள் ஏறும்போது முகத்துவாரத்தில் வெட்டிவிடுகிறோமே, அந்த மணல். சவர்க்காரக் கட்டி, இரும்புக் கம்பி, இவையும் பார். நீதிமன்றத்தில் நீதிபதியின் பக்கத்தைப் பிரிக்கும் தடுப்புக்கும் அதே பெயர், சட்டத்தரணிகள் எல்லோரையும் சேர்த்தும் அப்படிச் சொல்வார்கள். விஞ்ஞானத்தில் ஒரு பார் என்றால் 100,000 பஸ்கால் அமுக்கம். இது மட்டும் பாரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது, மற்றவற்றோடு உறவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் பந்தியை வாசித்து விடை எழுதும்போது பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். இடம் குறைவென்றால் சரி, வாரத்துக்கு ஒரு சொல் போதும், ஆனால் அதன் ஒவ்வொரு பொருளையும் ஒரு வசனத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஒரு தாய்,
கல்லடி, மட்டக்களப்பு