தடைக்காலத்தில் எஞ்சினுக்கு எந்தக் கூலண்ட்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளச்சலில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்க்கிறவன் நான். இருபத்தாறு வருடமாக இதே தொழில். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, மேற்குக் கடற்கரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், எங்களுக்கு ஓய்வு கிடையாது. கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15-லேயே தொடங்கி ஜூன் 14-ல் முடிந்துவிடும். இந்த முறை, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் விஷயத்தில் நடந்த ஒன்று மனதை உறுத்துவதால் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு தம்பி, அப்பாவின் போட்டைப் புதிதாகப் பொறுப்பேற்றவர், ரோஸ் நிறத் திரவம் மூன்று கேன் கொண்டு வந்து வைத்தார். "அண்ணே, ரெண்டு மாசம் எஞ்சின் சும்மா கிடக்கப் போகுது. பழைய கூலண்டை எடுத்துட்டு இதை ஊத்தி வச்சிருவோம். வெளிநாட்டுல இதைத்தான் ஊத்துறாங்க" என்றார். கேனில் மைனஸ் 45 டிகிரி குளிர்வரை தாங்கும் என்று போட்டிருந்தது.

வெளிநாட்டில் ஊற்றுவது உண்மைதான். என் அக்காள் மகன் கனடாவில் ஒரு படகுத்துறையில் வேலை செய்கிறான், அவனே சொல்லியிருக்கிறான். அங்கே குளிர்காலத்தில் ஏரியே உறைந்துவிடும். எஞ்சினுக்குள் தங்கிய தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் ஒன்பது சதவீதம் பெருகும். வார்ப்பிரும்பு பிளாக்கே விரிசல் விட்டுவிடும். அதனால் வெளித் தண்ணீர் ஓடும் பாதையை வடித்துவிட்டு, புகைக்குழாய் வழியே ரோஸ் நிறம் வரும்வரை புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த இந்தத் திரவத்தை இழுக்க விடுகிறார்கள். கோடை வந்து எஞ்சினை ஓட்டும்போது அது தண்ணீரில்தான் போய்ச் சேரும் என்பதால் நச்சு குறைந்ததாகப் பார்த்து எடுக்கிறார்கள். எஞ்சினுக்குள் மூடிய சுற்றில் ஓடும் கூலண்ட் வேறு. அந்த இடத்தில் இந்த ரோஸ் திரவத்தை அங்கேயும் ஊற்றுவதில்லை.

நம் கரையில் தண்ணீர் உறையப் போவதில்லை. இங்கே எஞ்சினைத் தின்பது உப்பும் துருவும். ஆகவே கூலண்ட் வாங்கும்போது எத்தனை மைனஸ் டிகிரி என்று பார்த்துப் பயனில்லை. துருவைத் தடுக்கும் மருந்து அதில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் போட்டுகளில் இருக்கும் பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் பிஸ்டன் ஏறி இறங்கும் உருளையான லைனரைச் சுற்றி நேரடியாகக் கூலண்ட் நிற்கும். எஞ்சின் ஓடும்போது லைனர் அதிர்கிறது, அந்த அதிர்வில் குட்டிக் குட்டிக் குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன. வெடித்த இடமெல்லாம் ஊசியால் குத்தியது போல ஓட்டை விழும். அப்புறம் கூலண்ட் ஆயிலில் கலந்து, ஆயில் பால் காப்பி நிறத்துக்கு வந்துவிடும். அப்படிப்பட்ட லைனர்கள் என் பட்டறை மூலையில் இன்னும் கிடக்கின்றன. யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன். இதைத் தடுக்கும் மருந்து கனரக டீசல் எஞ்சினுக்கான கூலண்டில் இருக்கும். காருக்கு விற்கும் எல்லாவற்றிலும் இருக்காது.

நிறத்தை நம்பி வாங்கவே கூடாது. பச்சை, சிவப்பு, ரோஸ் எல்லாம் அந்தந்தக் கம்பெனி போட்டுக்கொள்ளும் சாயம். பல வருடத்துக்கு முன்பு, "எல்லாம் ஒண்ணுதான்" என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, பச்சைக் கூலண்டின் மேல் சிவப்பை ஊற்றினேன். இரண்டும் சேர்ந்து கொழகொழவென்று கஞ்சி போலத் திரண்டு, கடல் தண்ணீரால் கூலண்டை ஆற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரை அடைத்துவிட்டது. எஞ்சின் சூடேறி நடுக்கடலில் நின்று, இன்னொரு போட்டு கட்டி இழுத்து வந்தது. போட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். அன்றிலிருந்து எஞ்சினோடு வந்த புத்தகத்தில் உள்ள தரத்தைப் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. வேறு வகைக்கு மாறுவதென்றால் முழுக்க வடித்து, அலசி, பிறகுதான்.

கெட்டிக் கூலண்டை அப்படியே ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. வெப்பத்தை அள்ளிக்கொண்டு போவதில் தண்ணீரே கெட்டிக்காரன். அதனால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது. கலந்தே விற்பதில் மேலும் தண்ணீர் சேர்க்கக் கூடாது. மாற்றுவதைத் தடை முடியும்போது செய்யாமல் தொடக்கத்திலேயே செய்யுங்கள். பழைய கூலண்டில் மருந்து தீர்ந்து புளித்துப்போயிருக்கும், அதோடு இரண்டு மாதம் விட்டால் உள்ளே அரிக்கும். ஊற்றியபின், சூடானதும் வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்து கூலண்ட் எங்கும் சுற்றும்வரை எஞ்சினை ஓட்ட வேண்டும். கடல் தண்ணீர் ஓடும் பக்கத்தை நல்ல தண்ணீரால் அலசி, தண்ணீரை இழுக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றி, மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் ஜிங்க் துண்டு கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். வள்ளத்து அவுட்போர்டுக்குக் கூலண்டே கிடையாது. டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓட்டி அலசினால் போதும்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். நாம் ஊற்றும் கூலண்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். அது இனிக்கும், ஆனால் விஷம். உடம்புக்குள் போய் ஆக்சாலிக் அமிலமாகிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். நான் வடித்து வைத்த சட்டியை நக்கிய என் நாய் மூன்றாம் நாள் செத்துப்போனது. மூடி வைக்காதது என் தப்பு. ஆனால் துறைமுகத்தில் பழைய கூலண்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் பிடித்து வைப்பதையும், பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவதையும் தினமும் பார்க்கிறேன். யாராவது குடித்துவிட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல், அந்தப் பாட்டிலோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், சின்னமுட்டம் நான்கு இடத்திலும் பழைய கூலண்டுக்கு ஒரு டிரம், பழைய ஆயிலுக்கு ஒரு டிரம், மூடியோடு மீன்வளத் துறை வைத்துத் தர வேண்டும். குளச்சலில் வைத்தால், நிரம்பியதும் தகவல் சொல்லும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.

இப்படிக்கு,
விசைப்படகு மெக்கானிக் ஒருவர்,
குளச்சல்.