பாட்டிக்கு அந்தப் பெரிய போன் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய போன் படங்களையெல்லாம் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பாட்டிக்கு அதில் ஒன்றும் சரிப்பட்டு வராது. கூடவே இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

திரை பெரிதாக இருந்தால் போதும் என்று நினைக்கிறாய். பாட்டிக்குக் கண்ணைவிட விரல்தான் தொல்லை. விரல் மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் தொடுதிரை தொடுகையை அறிகிறது. வயதாகி விரல் நுனி காய்ந்துபோனால், தொட்டது சில நேரம் அதற்குத் தெரிவதே இல்லை. என் போனைக் கொடுத்துப் பார்த்தேன். உன் படத்தைத் தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தி, விரலை எடுக்காமல் வைத்திருந்தார். உடனே படங்களெல்லாம் ஆட ஆரம்பித்து, இதை நீக்கவா என்று கேட்டது. "என்னடா இது, பேசலாம்னு தொட்டா ஆடுது!" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதற்கும் வழி உண்டு என்பாய். உண்டுதான். எவ்வளவு நேரம் தொட்டால் 'நீண்ட அழுத்தம்' என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை செட்டிங்ஸில் கூட்டலாம். சாம்சங்கில் ஈஸி மோட் இருக்கிறது. ஐபோனில் 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் அசிஸ்டிவ் ஆக்சஸ் வந்தது. நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும்தான் தெரியும், நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஸ்மார்ட்போன் பழகி, இப்போது தடுமாறுகிறவர்களுக்கு அது போதும். பாட்டி பட்டன் போனிலேயே கை பழகியவர். எண்ணைப் பார்க்காமலே அடிப்பார். 5-ஆம் பட்டனில் சின்னதாக ஒரு மேடு இருக்கும் இல்லையா, விரல் அதைத் தேடிப் பிடித்து அங்கிருந்து மேலே கீழே போகிறது. அந்தப் பழக்கத்தை இந்த வயதில் ஏன் பிடுங்க வேண்டும்?

அதனால் பட்டன் போனே வாங்கு, முடிந்தால் மடக்குகிற மாதிரி. திறந்தால் பேசலாம், மூடினால் கட். பையில் கிடந்தபடி யாருக்காவது தானாகப் போய்விடுகிற வம்பும் இல்லை. பட்டன்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், அழுத்தினால் 'டக்' என்று விரலுக்குத் தெரிய வேண்டும். சார்ஜர் பின்னைத் துளையில் குத்துவதுதான் பாட்டிக்கு தினப்படி போராட்டம், ஆகவே தொட்டில் மாதிரி ஸ்டாண்டில் வைத்தாலே சார்ஜ் ஏறுகிற போன் கிடைத்தால் அதற்காகவே கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

அடுத்தது காது. சத்தம் கூட இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே. முதுமையில் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தான். பேச்சில் ச, ஸ மாதிரி எழுத்துகள் நழுவிவிடும். வெறுமனே சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல்தான் கூடும். பேச்சு தெளிவாகக் கேட்கிறதா பார். ரிங்டோனும் கனத்த குரலில் இருக்கட்டும். காது மிஷினோடு ஒத்துப்போகும் சில போன்களில் எம்3, டி4 என்று குறித்திருப்பதைப் பார்க்கலாம். எண் கூடினால் இரைச்சல் குறைவு. எம் என்பது மிஷினின் மைக் வழியாகக் கேட்பதற்கு. டி என்பது மிஷினில் டெலிகாயில், அதாவது போனின் காந்த அலையைப் பிடிக்கும் சின்னக் கம்பிச் சுருள், இருந்தால் மட்டும் உதவும். பாட்டியின் மிஷினில் அது இருக்கிறதா என்று நான் கேட்டுச் சொல்கிறேன்.

இன்னொன்று, 4ஜி போனாக இருக்க வேண்டும், அதிலும் வோல்ட்இ (VoLTE) வழியாக, அதாவது 4ஜி நெட்வொர்க்கிலேயே, பேச முடிய வேண்டும். விலை குறைவு என்று 2ஜி போனை வாங்கிவிடாதே. பல நாடுகளில் பழைய நெட்வொர்க்கை மூடிக்கொண்டே வருகிறார்கள். அமெரிக்காவில் 2022-இல் 3ஜி போனது, ஆஸ்திரேலியாவில் 2024-இல். நன்றாக ஓடிக்கொண்டிருந்த போன்களெல்லாம் ஒரே நாளில் சும்மா கட்டையாகிவிட்டன.

அவசர பட்டன் பற்றிக் கேட்டிருந்தாய். நல்லதுதான், ஆனால் அதை வைத்து நிம்மதியாகிவிடாதே. அழுத்தினால் நாம் கொடுத்த எண்களுக்கு வரிசையாக அடிக்கும். அதில் ஒருவருடைய வாய்ஸ்மெயில் எடுத்துவிட்டால் போதும், யாரோ பேசிவிட்டார்கள் என்று நினைத்துச் சில போன்கள் அதோடு நின்றுவிடும். உன் எண்ணை அந்த வரிசையில் போடுவதாக இருந்தால் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிடு. பட்டன் பின்பக்கம், கொஞ்சம் பள்ளமாக இருப்பதே நல்லது. இல்லாவிட்டால் பாட்டி போனைத் துடைக்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதறும்.

முகம் பார்த்துப் பேச வேண்டும் என்கிறாய். அது உன் ஆசை, தப்பில்லை, எனக்கும் உண்டு. அதற்கு என் டேப்லெட் இருக்கிறது, ஸ்டாண்டில் வைத்து முன்னால் உட்கார்த்திவிடுகிறேன். எல்லாவற்றையும் ஒரே கருவியில் திணிக்கப் போய்த்தான் ஒன்றுமே நடக்காமல் போகிறது.

சிம்மை மட்டும் மாற்றாதே. வங்கி ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வருகிறது, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் மனப்பாடம். சேமித்த எண்கள் சிம்மில் இருக்கின்றனவா, பழைய போனிலா என்று நான் பார்த்து வைக்கிறேன். தெரியாத எண்களை அப்படியே தடுக்கும் வசதியைப் போடலாமா என்று அம்மா கேட்கிறாள். மோசடிக்காரர்கள் தொல்லை குறையும்தான், ஆனால் மருத்துவமனையிலிருந்து வருவதும் நின்றுவிடும். அதை வேண்டாமென்று வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் பாட்டியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடு. நிறம் சிவப்பாக இருக்க வேண்டுமாம், மெத்தையில் கிடந்தால் கண்ணில் படுமாம். இந்த ஒரு விஷயத்தில் நம் எல்லோரையும்விட அவர்தான் தெளிவு.

அன்புடன்,
அப்பா